எல்லையில் நின்றுபோகும் கம்பி: நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதியில் உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தியின் வரலாறும் நெறியும்

நெய்யாற்றின்கரையில் செய்தி நெறியைப் பற்றி எழுதுகிறவர், தொலைக்காட்சிக்கு வெகுகாலம் முந்தைய ஒருவரிடமிருந்தே தொடங்க வேண்டும். 1878 இல் இங்கே பிறந்த கே. ராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905 இல் அஞ்சுதெங்கில் தொடங்கிய ‘சுதேசாபிமானி’ இதழுக்கு மறு ஆண்டு ஆசிரியரானார். திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தை விடாமல் கண்டித்து எழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் கைதாகித் திருவிதாங்கூரிலிருந்து நாடு கடத்தப்பட்டார். கொண்டுபோய் விடப்பட்ட ஊர் திருநெல்வேலி. 1912 இல் அவர் வெளியிட்ட ‘விருத்தாந்த பத்ர பிரவர்த்தனம்’ மலையாள இதழியலின் முன்னோடி நூல். அச்சகத்தின் உரிமையாளர் இஸ்லாமிய அறிஞர், ஆசிரியர் வேறொருவர், உரிமையாளர் ஆசிரியரின் பேனாவில் கை வைக்கவில்லை. இந்த ஏற்பாடுதான் அந்த இதழின் வலிமை. எண்பது ஆண்டுகள் கழித்து அதே ஊரில் கேபிள் கம்பி வழியாகச் செய்தி வந்தபோது, கம்பியின் உரிமையாளரும் செய்தியின் ஆசிரியரும் ஒரே ஆளாக இருந்தார். உள்ளூர்த் தொலைக்காட்சியின் நிறை குறைகளில் பெரும்பகுதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பகுதியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11 இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தது. ஆனால் கல்யாண உறவு, சந்தை, மீன்பிடித் துறை எதுவும் அந்தக் கோட்டில் நிற்கவில்லை. பாறசாலைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரே வீட்டில் பாட்டி தமிழும் பேரன் மலையாளமும் வாசிப்பது இன்றைக்கும் சாதாரணம்.

ஒளிபரப்பு இந்தப் பகுதிக்கு இரண்டு தலைநகரங்களிலிருந்து வந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 இல் தொடங்கியது. திருவனந்தபுரம் நிலையத்தின் மலையாள ஒளிபரப்பு 1985 புத்தாண்டில் வந்தது. திருவனந்தபுரத்தின் கோபுரம் பக்கத்தில். சென்னை எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால். தமிழ் வீட்டிலும் மாலைச் செய்தி மலையாளமானதற்கு ஆன்டெனாவின் திசையே காரணம், யாருடைய கொள்கையும் அல்ல. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 இல் நாகர்கோவிலில் திறக்கப்பட்டதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். வட்டார வழக்கில், வட்டாரச் சேதியைப் பேசும் ஒலிபரப்பு எப்படி இருக்கும் என்று எல்லையின் இரு பக்கத்து மக்களும் முதலில் கேட்டது அதில்தான்.

1993 இல் சன் டிவி ஏப்ரலிலும் ஏசியாநெட் ஆகஸ்டிலும் வந்தன. செயற்கைக்கோள் சேனலை வீட்டுக்குக் கொண்டுவரக் கம்பி தேவைப்பட்டது. கேரளத்தில் ஏசியாநெட்டின் கேபிள் நிறுவனம் மின்வாரியக் கம்பங்களைப் பயன்படுத்தும் உரிமை பெற்று நகரங்களில் கம்பி இழுத்தது. கிராமங்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் சிறு ஆபரேட்டர்கள்: வீடியோ கேசட் வாடகைக் கடைக்காரர், ரேடியோ மெக்கானிக், வளைகுடாவிலிருந்து திரும்பிச் சிறு முதலோடு நின்றவர். மாடியில் இரண்டு டிஷ், கீழே ஒரு கண்ட்ரோல் ரூம், தென்னை மரத்திலும் ரப்பர் மரத்திலும் கட்டி இழுத்த கோஆக்சியல் கேபிள். இந்த அமைப்பில் ஒரு சேனல் எப்போதும் காலியாக இருந்தது. அதில் முதலில் சினிமா ஓடியது. பிறகு கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள், பள்ளி ஆண்டு விழா. அதன் பிறகுதான் செய்தி.

செய்தி என்ற பெயரில் வந்த முதல் சரக்கு, திரையின் அடியில் ஓடிய எழுத்து வரி. மின்தடை நேரம், குடிநீர் வராத வார்டு, மரண அறிவிப்பு, காணாமல்போன பசு. இதை அற்பம் என்று ஒதுக்கும் ஆய்வாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இறந்தவர் பெயர் தவறாக ஓடினால் அரை மணி நேரத்தில் ஆபரேட்டரின் வாசலில் ஆள் நிற்கும். மாதச் சந்தா வாங்க வீடு வீடாகப் போகிறவரும் அதே ஆபரேட்டர்தான். பிழை செய்தவரைப் பிழைக்கு ஆளானவர் முகத்துக்கு நேரே கேட்கக்கூடிய ஏற்பாடு பெரிய செய்தி நிறுவனம் எதிலும் இருந்ததில்லை. சரிபார்த்துச் சொல்லும் பழக்கம் இங்கே பாடநூலிலிருந்து வரவில்லை; அக்கம்பக்கத்தாரின் கேள்விக்கு அஞ்சி வந்தது.

அதே நெருக்கம் வாயையும் கட்டியது. கம்பி போகும் வழியில் பஞ்சாயத்துத் தலைவரின் தோட்டம் இருக்கும். நகைக்கடையும் துணிக்கடையும் கொடுக்கும் விளம்பரத்தில்தான் கேமராமேனின் சம்பளம் இருக்கும். காலிக் குடத்தோடு பெண்கள் மறித்த சாலையைக் காட்டுவார்கள். குழாய் போடும் ஒப்பந்தம் யாருக்குப் போனது என்று கேட்க மாட்டார்கள். நிருபர் பகுதிநேரம், கேமராவும் அவரே, மாலையில் எடிட்டிங்கும் அவரே. விளம்பரம் பிடித்தால்தான் கமிஷன் என்ற நிலையில் அவரை நிறுத்திவிட்டு, துணிவு இல்லை என்று அவரைக் குற்றம் சொல்வது நியாயமல்ல.

சட்டம் என்ன செய்தது? 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்படி, 2025 ஜனவரியில் விதி மாறும் வரை, ஆபரேட்டர் தலைமை அஞ்சலகத்தில் விண்ணப்பம் கொடுத்துப் பதிந்துகொண்டால் போதுமாக இருந்தது. அப்போது கட்டணம் 500 ரூபாய், ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. செயற்கைக்கோள் செய்திச் சேனலுக்கோ 2011 வழிகாட்டுதலின்படி 20 கோடி ரூபாய் நிகர மதிப்பு வேண்டியிருந்தது. தனியார் பண்பலை வானொலி சொந்தச் செய்தி வாசிக்க இன்றும் அனுமதியில்லை. சமுதாய வானொலிக்கும் இல்லை. ஆக, குரல் மட்டும் போகும் வானொலிக்கு மறுத்த செய்தி உரிமையை, படத்தோடு போகும் கேபிளில் எவரும் கேள்வி கேட்காமல் விட்டார்கள். யோசித்துக் கொடுத்த சுதந்திரமல்ல அது. கேபிளை மறு ஒளிபரப்புக் கருவியாக மட்டுமே பார்த்ததால், அந்தக் காலிச் சேனலில் செய்தி பிறக்கும் என்று எவரும் எண்ணவில்லை.

கேபிள் தொலைக்காட்சிக்கான 1994 விதிகளின் ஆறாம் விதியில் நிகழ்ச்சி நெறி உண்டு. அவதூறும், உள்நோக்கம் கொண்ட அரை உண்மையும், வன்முறையைத் தூண்டுவதும் கூடாது என்கிறது. மீறினால் ஒளிபரப்பைத் தடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியர், துணைக்கோட்ட நடுவர், போலீஸ் கமிஷனர் ஆகியோரிடம் இருக்கிறது. இதில் எதைச் செய்யக்கூடாது என்பது இருக்கிறது. மறுதரப்பைக் கேட்பது, திருத்தம் வெளியிடுவது பற்றி ஏதும் இல்லை. அந்த வேலையை 2008 முதல் ஏற்ற செய்தி ஒளிபரப்பாளர் தர ஆணையம், உறுப்பினரான சேனல்களுக்கு உரியது. சிறு கேபிள் ஆபரேட்டரின் கண்ட்ரோல் ரூம் அதன் எல்லைக்கு வெளியே.

பெரிய மாற்றம் டிஜிட்டல் மயமாக்கலோடு வந்தது. நகராட்சியான நெய்யாற்றின்கரை மூன்றாம் கட்டத்தில், 2015 டிசம்பர் 31 கெடுவில் வந்தது. பாறசாலை போன்ற பஞ்சாயத்துகள் நான்காம் கட்டத்தில், 2017 மார்ச் வரை நீட்டிக்கப்பட்ட கெடுவில். செட்டாப் பாக்ஸ் வந்தபின் சிறு ஆபரேட்டர் சொந்தமாகச் சிக்னல் ஏற்ற முடியாது. பெரிய நிறுவனத்தின் ஊட்டத்தை வாங்கித்தான் கொடுக்க வேண்டும். கேரளத்தில் சிறு ஆபரேட்டர்கள் கூடிக் கேரளா விஷன் என்ற நிறுவனத்தை வளர்த்து இதை எதிர்கொண்டார்கள். ஆபரேட்டர்கள் அழிந்துபோகாமல் நின்றது இந்தக் கூட்டு முயற்சியால்தான். நாட்டின் பிற பகுதிகள் கற்க வேண்டிய பாடம் அது. எனினும் கிராமத்துக் காலிச் சேனல் மாவட்ட அளவிலான சேனலாக விரிந்தது. மரணச் செய்தியில் பெயர் தவறினால் போய் நிற்க வாசல் இல்லாமல் போனது.

அந்த வாசல் எவ்வளவு தேவை என்பதை அண்மை நிகழ்வுகள் காட்டுகின்றன. 2020 டிசம்பரில் நெய்யாற்றின்கரை அருகே, வீட்டைக் காலி செய்விக்க வந்தவர்கள் முன் தீப்பிடித்து ஒரு தம்பதி உயிரிழந்தனர். தந்தைக்குக் குழி வெட்டிய மகனின் காட்சி சேனல்களில் ஓயாமல் ஓடியது. அரசைப் பதில் சொல்ல வைத்தது அந்தக் காட்சிதான், மறுக்கவில்லை. ஒரு சிறுவனின் துக்கம் இத்தனை முறை ஓட வேண்டியிருந்ததா என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே எழுகிறது. 2025 ஜனவரியில் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் இவ்வூருக்குக் கேமராக்களைக் கொண்டுவந்தன. ஆறாலுமூட்டில் தந்தையைச் சமாதி வைத்ததாக மகன்கள் அறிவித்த கல்லறை 16 ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு முன் பல நாள் கொலையா என்ற விவாதம் திரையில் நடந்தது. முதற்கட்டப் பிரேதப் பரிசோதனையில் அப்படி எதுவும் தென்படவில்லை. மறுநாள், பாறசாலையைச் சேர்ந்த கல்லூரி மாணவர் நஞ்சூட்டப்பட்ட வழக்கில் நெய்யாற்றின்கரை அமர்வு நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்தது. 20 ஆம் தேதி மரண தண்டனை விதித்தது. நஞ்சு கொடுக்கப்பட்டது கன்னியாகுமரி மாவட்டத்தில், விசாரணையும் தீர்ப்பும் கேரளத்தில். இரு மொழிச் சேனல்களும் 2022 இலேயே தங்கள் தீர்ப்பை எழுதிவிட்டிருந்தன. இந்த மூன்றிலும் ஊரார் காலையில் எழுந்தால் அந்தக் குடும்பங்களின் முகத்தில் விழிக்க வேண்டும். நகரத்திலிருந்து வந்த ஒளிபரப்பு வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மொழியின் கேள்வி இதைவிட ஆழமானது. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு தாலுகாவில் 9,200 ஏக்கருக்குத் தண்ணீர் தர வெட்டப்பட்டது; 2004 இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. மலையாளச் செய்தியில் இது அணையின் கொள்ளளவும் மாநில உரிமையும் பற்றிய விஷயம். தமிழ்ச் செய்தியில் காய்ந்த வயல். இரண்டையும் ஒரே அறிக்கையில் வைக்கும் தகுதி, இரு மொழியும் தெரிந்த எல்லைக் கிராமத்து நிருபருக்கே உண்டு. அப்படியொருவருக்கு இடம் தரும் சேனல் கட்டமைப்பு உருவாகவில்லை. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007 இல் தொடங்கி, 2011 இல் 70 ரூபாய்க் கட்டணத்தோடு மீண்டெழுந்தது. அதன் கம்பி களியக்காவிளையோடு நின்றுவிடும். ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30 அன்று அடித்தபோது பொழியூர், பூவார் மீனவரும் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் மீனவரும் ஒரே கடலில் சிக்கினர். ஒரே கரையில் அடுத்தடுத்து வசிக்கும் குடும்பங்களின் இழப்பு, கேரளக் கணக்கு என்றும் தமிழ்நாட்டுக் கணக்கு என்றும் இரண்டாகப் பிரிந்தே திரையில் வந்தது. எல்லைக்கு அப்பால் கரையேறிய சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்பதைத் தொலைபேசியில்தான் தேட வேண்டியிருந்தது.

2022 நவம்பர் 30 இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், கேபிள் நிறுவனங்களின் சொந்தச் சேனல்களுக்கு முதன்முறையாகத் தனி ஒழுங்கு தந்தது. சேனலுக்கு 1,000 ரூபாய்ப் பதிவுக் கட்டணம். மொத்தச் சேனல் திறனில் 5 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. செய்தி தர விரும்புகிறவர் கம்பெனியாகப் பதிந்திருக்க வேண்டும். ஒளிபரப்பியதை 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும். கடைசி விதியை நான் பெரிதும் வரவேற்கிறேன். முந்தைய முப்பது ஆண்டுகளில் உள்ளூர்ச் செய்தி ஓடிய மறுநாளே அழிந்தது. பாதிக்கப்பட்டவரிடமும் ஆய்வாளரிடமும் காட்ட ஆதாரம் இருந்ததில்லை.

புகார்கள் போகும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் ஆட்சியர், போலீஸ் அதிகாரி, மக்கள் தொடர்பு அலுவலர், மகளிர் கல்லூரி முதல்வர், குழந்தைகள் நலன், பெண்கள் நலன் சார்ந்த தொண்டு அமைப்பினர் இடம்பெறுகிறார்கள். மொழிச் சிறுபான்மையினருக்கு அதில் இடம் வைக்கப்படவில்லை. கேரளத் தமிழர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969 ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையைத் திருவனந்தபுரம் மாவட்டக் குழுவுக்கும் விரித்து, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அதில் அமர்த்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். 300 சேனல் கொடுக்கும் நிறுவனத்துக்கு அந்த 5 விழுக்காடு என்பது 15 சேனல். பாறசாலையிலிருந்து தினம் பத்து நிமிடம் தமிழில் வாசிக்க அதில் ஒன்றின் ஓரம் போதும்.