வெறுப்புக் குற்றமும் தீவிர வலதுசாரி அரசியலும்: ஜெர்மனியை முன்வைத்து

வெறுப்புக் குற்றத்துக்கும் தீவிர வலதுசாரி அரசியலுக்கும் உள்ள உறவுக்கு இரு எளிய விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. கட்சி ஏவுகிறது, தொண்டன் தாக்குகிறான் என்பது ஒன்று. தாக்கியவன் தனியாள், அரசியலுக்கு அதில் பங்கில்லை என்பது மற்றொன்று. 1990க்குப் பிந்தைய ஜெர்மனியின் அனுபவம் இரண்டையும் மறுக்கிறது. அங்கே அரசியல் பேச்சு இலக்கைச் சுட்டியது. சூழ இருந்தோரின் ஆதரவு துணிவு தந்தது. அரசின் போக்கு சில வேளைகளில் இரண்டுக்கும் இடமளித்தது. கட்டளை இல்லாமலேயே இயங்கும் உறவு இது.

1992 ஆகஸ்டில் ரோஸ்டாக் நகரின் லிச்டன்ஹாகன் பகுதியில் புகலிடம் கோருவோரின் விடுதி பல நாள் தாக்கப்பட்டது. அடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட வியட்நாமியர் உள்ளே இருந்த குடியிருப்புக்குத் தீ வைக்கப்பட்டது. வேடிக்கை பார்த்த கூட்டம் கைதட்டியது. ரோஸ்டாக் அமைந்துள்ள முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் வேலையின்மையே காரணம் என்ற விளக்கம் அப்போது பரவலாக இருந்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் மூவர் எரித்துக் கொல்லப்பட்ட மோல்னும், 1993 மே 29 அன்று பெண்களும் சிறுமியருமாக ஐவர் மாண்ட சோலிங்கனும் மேற்கு ஜெர்மனியில் உள்ளவை.

1992இல் சுமார் 4,38,000 பேர் புகலிடம் கோரினர். நிர்வாக நெருக்கடி உண்மையானதே. அவ்வாண்டு ஏப்ரல் மாநிலத் தேர்தல்களில் பாடன்-வுர்ட்டம்பெர்க்கில் தீவிர வலதுசாரி ரிபப்ளிக்கனர் கட்சி 10.9 விழுக்காடும், மோல்ன் அமைந்துள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் அதே போக்குடைய ஜெர்மன் மக்கள் ஒன்றியம் 6.3 விழுக்காடும் பெற்றன. 1993 மே 26 அன்று பெரிய கட்சிகள் கைகோத்து, அரசியலமைப்பு தந்த புகலிட உரிமையைச் சுருக்கின. மூன்றாம் நாள் சோலிங்கன் எரிந்தது. அங்கே இறந்தோர் புகலிடம் கோரி வந்தவர்களல்லர். அந்நகரில் வாழ்ந்துவந்த துருக்கியக் குடும்பத்தினர். வெறுப்பு சட்டப் பிரிவுகளைப் பார்த்து ஆளைத் தேர்வதில்லை. எனவே, விட்டுக்கொடுத்தால் அது தணியும் என்ற கணக்கு பிழையானது.

பேச்சுக்கும் தாக்குதலுக்கும் இடையிலான தொடர்பை கார்ஸ்டன் முல்லர், கார்லோ ஷ்வார்ஸ் ஆகியோரின் 2021ஆம் ஆண்டு ஆய்வு தெளிவாக்குகிறது. தீவிர வலதுசாரிக் கட்சியான 'ஜெர்மனிக்கான மாற்று'வின் ஃபேஸ்புக் பக்கத்தில் அகதி எதிர்ப்புப் பதிவுகள் பெருகிய வாரங்களில், சமூக ஊடகப் பயன்பாடு மிகுந்த ஊர்களில் தாக்குதல்களும் கூடின. இணையம் தடைபட்ட இடங்களில் இத்தொடர்பு மங்கியது. தனி ஒருவரை இலக்காக்கிய நிகழ்வும் உண்டு. காசல் மாவட்டத் தலைவர் வால்ட்டர் லூப்கே 2015இல் ஒரு கூட்டத்தில் அகதிகளுக்கு ஆதரவாகப் பேசினார். அப்பேச்சின் துண்டுக் காணொளி பரவியது. 2019 ஜூனில் அவரைச் சுட்டுக் கொன்றவன் அந்தக் கூட்டத்திலேயே இருந்தவன். நீண்டகாலத் தீவிர வலதுசாரி.

அரசின் பார்வைக் குறைபாடும் இந்த உறவில் சேர்ந்தது. 'தேசிய சோசலிசத் தலைமறைவு' என்ற நவநாஜிக் குழு 2000 முதல் 2007 வரை பத்துப் பேரைக் கொன்றது. அவர்களுள் ஒன்பது பேர் துருக்கிய, கிரேக்கப் பின்னணியினர். விசாரணை போதைப்பொருள் கும்பல்களைத் தேடியது. இறந்தவர்களின் குடும்பங்களையே சந்தேகித்தது. 2011 நவம்பரில்தான் உண்மை வெளிப்பட்டது. தண்டனையின் அளவை முடிவுசெய்யும்போது இனவெறி நோக்கத்தையும் கருதவேண்டும் என்று 2015இல் சட்டம் திருத்தப்பட்டது இந்தத் தோல்விக்குப் பின்னரே.

குற்றவாளியைத் தண்டிப்பது கட்டாயம். ஆனால் அது பாதி வேலை. ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னும் சட்டமன்றத்தில் யாருடைய கோரிக்கை முன்னேறுகிறது என்று கேட்கவேண்டும். தாக்கப்பட்டோரின் பாதுகாப்பு பின்னுக்குப் போய், தாக்கியவர்களின் முழக்கம் கொள்கையாகும்போது, வன்முறை பலன் தரும் என்ற பாடத்தை அரசே கற்பிக்கிறது. அந்தப் பொறுப்பிலிருந்து மையக் கட்சிகளும் தப்ப முடியாது.