கணையப் புற்றுநோய் ஆராய்ச்சியில் மரபணுத் திருத்தம்: ஒரு வரலாறு

இரைப்பைக்குப் பின்புறம் குறுக்காகக் கிடக்கும் கணையம், செரிமான நீரையும் இன்சுலினையும் சுரக்கும் உறுப்பு. அது உடலின் ஆழத்தில் அமைந்திருப்பதாலும், அதில் தோன்றும் புற்று நெடுநாள் அறிகுறி காட்டாமல் வளர்வதாலும், நோயாளிகளில் பெரும்பாலோர் அறுவைக்குரிய கட்டம் கடந்த பின்னரே மருத்துவரிடம் வந்து சேர்கின்றனர். இந்நோயை எதிர்த்த மருத்துவத்தின் வரலாறு அறுவையில் தொடங்கி, மருந்துகளின் வழியே நகர்ந்து, இன்று மரபணுவையே திருத்தும் நுட்பம் வரை வந்திருக்கிறது.

பெர்லினில் வால்டர் கௌஷ் என்னும் அறுவை மருத்துவர் 1909இல் கணையத்தின் தலைப்பகுதியையும் அதனை ஒட்டிய முன்சிறுகுடலின் ஒரு பகுதியையும் அகற்றினார். நியூயார்க்கைச் சேர்ந்த ஆலன் விப்பிள் 1935இல் அம்முறையைச் செம்மைப்படுத்தி வெளியிட்டதால், அது இன்றும் விப்பிள் அறுவை என்றே வழங்குகிறது. அறுவைக்கு இடமில்லாத நோயாளிகளுக்கென 1996இல் அமெரிக்காவில் ஜெம்சிட்டபைன் என்னும் மருந்து ஒப்புதல் பெற்றது. ஆனால் அதற்கு அடிப்படையான ஆய்வில், பழைய மருந்தைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 4.4 மாதங்களாகவும் புதிய மருந்தைப் பெற்றவர்களுடையது 5.65 மாதங்களாகவும் இருந்தன. நோயின் வேரை அறியாமல் மருந்தை மட்டும் மாற்றினால் கிடைக்கும் பயன் எவ்வளவு சிறியது என்பதை அவ்வெண்கள் உணர்த்தின.

வேரைத் தேடும் பணி வேறொரு திசையில் முன்பே தொடங்கியிருந்தது. எலிகளில் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸை 1967இல் வெர்னர் கிர்ஸ்டன் விவரித்தார். அவ்வைரஸ் சுமந்த மரபணுவின் இணை மனித உயிரணுவிலும் உண்டு என்பதும், அது பழுதுபட்டால் புற்று விளையும் என்பதும் 1980களின் தொடக்கத்தில் தெளிவாயின. கே-ராஸ் எனப்படும் அம்மரபணு உருவாக்கும் புரதம், வளர்ச்சிக்கான கட்டளை வரும்போது இயங்கி, பின்னர் ஓய்ந்துவிட வேண்டியது. அதன் 12ஆம் இடத்து அமினோ அமிலம் மாறிவிட்டால் அது ஓயாமல் இயங்கி, உயிரணுவை இடைவிடாது பெருகச் செய்கிறது. கணையப் புற்றுகளில் மிகப் பெரும்பான்மையானவை இம்மாற்றத்தைக் கொண்டுள்ளன என்று 1988இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்று அவ்விகிதம் 90 விழுக்காட்டுக்கும் மேல் என்று கணிக்கப்படுகிறது.

இம்மாற்றம் நோய்க்குக் காரணமா, அல்லது நோயோடு உடன்வருவதா என்பதை உறுதிசெய்ய, உயிருள்ள கணையத்தில் அதை உண்டாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. 2003இல் டேவிட் டூவ்சன், சுனில் ஹிங்கோரானி ஆகியோரின் குழு, கணையத்தில் மட்டும் மாறிய கே-ராஸ் இயங்கும் சுண்டெலிகளை உருவாக்கியபோது, மனிதருக்கு வருவது போன்ற முன்நிலைப் புண்கள் அவற்றில் தோன்றின. பி53 என்னும் காவல் மரபணுவையும் பழுதாக்கிய 2005ஆம் ஆண்டுச் சுண்டெலிகளில் புற்று பிற உறுப்புகளுக்கும் பரவியது. எனினும் இத்தகைய ஒவ்வொரு வகைச் சுண்டெலியையும் பல தலைமுறை இனக்கலப்பால் உருவாக்க நெடுங்காலம் பிடித்தது.

அத்தடையை நீக்கியது கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த நுட்பம். ஒசாகா பல்கலைக்கழகத்தின் யோஷிசுமி இஷினோ குழுவினர் 1987இல் ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் கண்ட விந்தையான மீள்வரிசைகள், வைரஸை எதிர்க்கும் பாக்டீரியாவின் தற்காப்பு என்பது பின்னர் புலப்பட்டது. வழிகாட்டி ஆர்.என்.ஏ. சுட்டும் இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் கேஸ்9 என்னும் புரதத்தை, விரும்பிய இடத்துக்குச் செலுத்தலாம் என்று ஜெனிஃபர் டவுட்னாவும் இம்மானுவேல் ஷார்பென்டியேவும் 2012இல் நிறுவினர். மூன்றே ஆண்டுகளில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வளர்ந்த சுண்டெலியின் கணையத்திலேயே அதைப் பயன்படுத்திப் புற்றை உருவாக்கினர். 2017இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கணையப் புற்றுச் செல்களிலிருந்து கே-ராஸை முற்றிலும் நீக்கியபோது, அவற்றுள் சில பிழைத்து, வேறொரு சமிக்ஞைப் பாதையைச் சார்ந்து வாழ்ந்தன. ஒற்றை மருந்தால் இந்நோய் தீராது என்ற எச்சரிக்கை அதில் இருந்தது.

சிகிச்சையில் இக்கருவியின் பாதை கடினமானது. 2023இல் பிரிட்டன் ஒப்புதல் அளித்த அரிவாள் செல் சோகைக்கான கிரிஸ்பர் சிகிச்சையில், நோயாளியின் குருதி மூல உயிரணுக்களை வெளியே எடுத்துத் திருத்தி, மீண்டும் உடலுக்குள் செலுத்துகின்றனர். கணையப் புற்றோ அடர்ந்த நார்த்திசுவால் சூழப்பட்டது. அதற்குள் கருவி ஊடுருவுவது அரிது என்பதோடு, திருத்தப்படாத சில செல்கள் எஞ்சினாலும் நோய் மீண்டும் தழைக்கும். எனவே மருத்துவர் பலர் புற்றுச் செல்லை விடுத்து, அதைத் தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்லை மாற்றியமைக்க முனைகின்றனர். 2022இல் வெளியான ஓர் அமெரிக்க அறிக்கையில், மாறிய கே-ராஸை இனங்காணும் மரபணு புகுத்தப்பட்ட டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களைப் பெற்ற கணையப் புற்று நோயாளி ஒருவரின் கட்டிகள் ஆறு மாதங்களில் 72 விழுக்காடு சுருங்கின. அது திருத்தம் அன்று, மரபணுச் சேர்க்கையே. ஆயினும் தீண்டவியலாதது என்று கருதப்பட்ட இலக்கு தீண்டத்தக்கதே என்பதை அது மெய்ப்பித்தது.

இதுவரையிலான வரலாற்றில் மரபணுத் திருத்தம் கணையப் புற்றுக்கு மருந்தாகவில்லை. நோயின் சார்புகளையும் தப்பும் வழிகளையும் வெளிப்படுத்தும் ஆய்வுக் கருவியாகவே அது பெரும்பணி ஆற்றியிருக்கிறது. நோயாளிகளிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் இவ்வேறுபாட்டை மறைக்காமல் சொல்வது அறிவியலின் கடமை. முதல் மரபணு மாற்றத்திலிருந்து முதன்மைக் கட்டியைத் தோற்றுவிக்கும் மூல உயிரணு பிறக்கும் வரை குறைந்தது பத்து ஆண்டுகள் கழிகின்றன என்று 2010இல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு கணித்தது. அந்த நீண்ட இடைவெளியில் நோயைக் கண்டறியும் வழிகளுக்கு ஆய்வுக்கூடம் தந்த அறிவு பயன்படுமானால், அதுவே மிகப் பல உயிர்களைக் காக்கும்.