மெல்லோட்டத்தில் திணறும் வேக மோட்டார் சைக்கிள்



மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பாயும் பந்தய வகை மோட்டார் சைக்கிளைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஓட்டிப் பாருங்கள். இருமும், குலுங்கும், வெட்டி வெட்டி இழுக்கும். பக்கத்தில் ஒரு பழைய கப்சாய் வண்டி அலுங்காமல் போய்க்கொண்டிருக்கும். விலை உயர்ந்த வண்டிக்கு இந்தத் திணறல் எப்படி வந்தது? அதன் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

என் தங்கை மகன் பழைய நான்கு சிலிண்டர் வண்டி ஒன்றை வாங்கினான். வேகத்தில் அருமையாக ஓடியது. மெல்லப் போகும்போது மட்டும் திணறியது. ஒரு பட்டறையில் காட்டினான். அவர்கள் பெரிய ஜெட்டுகளை மாட்டி அனுப்பினார்கள். ஒரு மழை நாளில், வளைவில் சாய்ந்து திரும்பும்போது, மூடியிருந்த கைப்பிடியைச் சற்றே முறுக்கினான். வண்டி ஒரு கணம் செத்து, மறுகணம் வெட்டிப் பாய்ந்தது. பின்சக்கரம் வழுக்கிவிட்டது. கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. மெல்லோட்டத் திணறலைச் சிறு தொந்தரவு என்று தள்ளிவிடுகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

1885ஆம் ஆண்டு ஜெர்மனியில் டைம்லரும் மைபாக்கும் மரச்சட்டத்தில் இயந்திரம் பொருத்திய இருசக்கர வண்டி ஒன்றைச் செய்தார்கள். பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றை ஓடவிட்டு, அது சுமந்து வரும் ஆவியை எரித்தார்கள். 1893இல் மைபாக், பெட்ரோலை நுண்துளை வழியே தூவும் கார்புரேட்டரை அமைத்தார். அதே ஆண்டில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்னும் இருவரும் இதே வகைக் கருவிக்குக் காப்புரிமை கேட்டிருந்தார்கள்.

முதுகில் சுமந்து மருந்தடிக்கும் பம்பை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நன்றாக அழுத்தினால் மருந்து பனிபோல் பறக்கும். அழுத்தம் குறைந்தால் சொட்டுச் சொட்டாய் விழும். கார்புரேட்டருக்கும் அதே கதைதான். அதன் குறுகிய கழுத்து வழியே காற்று விரைந்தால், பெட்ரோல் தானே உறிஞ்சப்பட்டுப் புகையாய்ச் சிதறுகிறது. காற்று மெதுவானால் சொட்டுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். சொட்டும் பெட்ரோலில் அந்தக் கணக்கு நிற்பதில்லை.

பந்தய வண்டியின் வில்லங்கம் இங்கேதான் பிறக்கிறது. உச்ச வேகத்தில் ஏராளமான காற்று வேண்டுமென்று கழுத்தை அகலமாக்குகிறார்கள். அகலக் கழுத்தில், மெல்லோட்டத்தின்போது காற்று சோம்பி நகரும். போதாதற்கு, காற்று உள்ளே வரும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருக்கும்படி அமைக்கிறார்கள். உச்ச வேகத்தில் அது வலிமை தரும். மெல்ல ஓடும்போதோ, எரிந்த புகை கொஞ்சம் பின்னே வந்து புதுக்காற்றில் கலந்துவிடும். கப்சாய் வண்டிக்கு இந்த ஆசைகள் இல்லை. அதனால் அதற்கு அந்தத் துன்பமும் இல்லை.

பிரிட்டனில் 1927இல் மூன்று நிறுவனங்கள் இணைந்து அமால் என்ற கார்புரேட்டர் நிறுவனம் உருவாயிற்று. அந்தக் காலத்துக் கார்புரேட்டர்களில் மெல்லோட்டத்துக்கென்றே ஒரு நுண்வழி இருந்தது. அதற்குப் பைலட் ஜெட் என்று பெயர். கைப்பிடியை முதல் கால் பங்குவரை முறுக்கும்போது இதுதான் ஆட்சி செய்யும். நடுப்பகுதியில் ஊசி ஆளும். முழுதாய் முறுக்கும்போதுதான் பெரிய ஜெட். மெல்லோட்டக் கோளாறுக்குப் பெரிய ஜெட்டை மாற்றுவது, சமையலறையில் ஒழுகினால் வாசல் கூரையை வேய்வது போன்றது. என் தங்கை மகனுக்கு நடந்தது இதுதான்.

1965இல் ஹோண்டா தன் 450 சி.சி. வண்டியில் வேறொரு வகைக் கார்புரேட்டரை வைத்தது. ஓட்டுபவர் எவ்வளவு அவசரமாக முறுக்கினாலும், இயந்திரம் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அந்த அளவுக்கே அதன் அடைப்பு உயரும். பதற்றமான கைக்கும் பதறாத அடைப்பு! பிறகு 1969இல் நான்கு சிலிண்டருக்கு நான்கு கார்புரேட்டர் கொண்ட ஹோண்டா 750 வந்தது. நான்கும் ஒரே அளவாய்த் திறக்க வேண்டும். ஒன்று முந்தினாலும் மெல்லோட்டம் கெடும். அதனால் உறிஞ்சும் விசையை நான்கு அளவுமானிகளில் பார்த்துச் சமன்செய்வது மெக்கானிக்குகளின் வழக்கமான வேலையாயிற்று.

1980இல் கவாசாக்கி தன் 1000 சி.சி. வண்டி ஒன்றில் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பைக் கொண்டுவந்தது. 1983இல் பி.எம்.டபிள்யூ. கே100 வந்தது. இனிக் கணினி எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் என்று பலர் எண்ணினார்கள். அப்படி நடக்கவில்லை. 1997இல் சுசுக்கி வெளியிட்ட டி.எல்.1000எஸ் வண்டியின் முதல் முறுக்கு முரட்டுத்தனமாக இருப்பதாக ஓட்டியவர்கள் குறைகூறினார்கள். பழைய கார்புரேட்டரின் பொறுமையான அடைப்பு இப்போது இல்லை. கை திறந்தவுடனே காற்றும் முழுதாய்ப் பாய்ந்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டு ஜி.எஸ்.எக்ஸ்.ஆர்.750இல் சுசுக்கி, ஒரு குழாயில் இரண்டு தகடுகளை வைத்தது. ஒன்றைக் கை திறக்கும், மற்றதைக் கணினி நிதானமாகத் திறக்கும். 1965இன் பொறுமை புதிய உடுப்பில் திரும்பி வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 2006இல் யமஹா ஆர்6, கணினி சொல்ல மின்மோட்டார் தகட்டைத் திறக்கும் முறைக்கு மாறியது.

ஐரோப்பாவில் 1999 முதல் வந்த புகைக்கட்டுப்பாட்டு விதிகள் இன்னொரு சிக்கலைச் சேர்த்தன. நச்சுப்புகையைக் குறைக்க மெல்லோட்டத்தில் பெட்ரோலைச் சிக்கனமாகவே விட வேண்டியிருந்தது. கைப்பிடியை மூடியதும் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும் வண்டிகளில், மீண்டும் முறுக்கும்போது ஓர் உதறல் வரும். இதற்காகவே, கணினியின் கட்டளையை இடைமறித்துப் பெட்ரோல் அளவை மாற்றும் சிறு பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. அவை உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் சங்கிலி தளர்ந்திருந்தாலும், கைப்பிடிக் கம்பியில் தொய்வு அதிகமானாலும், காற்றுக் குழாயின் ரப்பரில் வெடிப்பு விழுந்தாலும் வண்டி இப்படித்தான் வெட்டும். செலவில்லாத இந்தச் சோதனைகளை முதலில் செய்யாமல் பெட்டிக்குப் பணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

தங்கை மகனின் வண்டியைக் கடைசியில் பிரித்துப் பார்த்தவர் வயதான மெக்கானிக் ஒருவர். நான்கு பைலட் ஜெட்டுகளில் இரண்டு, காய்ந்த பெட்ரோல் பிசினால் அடைத்திருந்தன. கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்று, மருந்தில் ஊறவைத்துக் காற்றால் ஊதினார். பெரிய ஜெட்டுகளைக் கழற்றிப் பழைய அளவையே மாட்டினார். நான்கையும் சமன்செய்தார். ஒரு பிற்பகலில் வேலை முடிந்தது. அன்று மாலை பையன், இன்னும் ஊன்றுகோலோடுதான் இருந்தான், வண்டியை ஓடவிட்டு, அருகில் நின்று அந்தச் சத்தத்தை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.