பெயர் எழுதப்படாத நெசவு

பாய் நாம் நாள்தோறும் விரிக்கும் பொருள். அனஸ் (ரலி) அவர்களின் குடும்பத்தில், நீண்டகாலப் பயன்பாட்டால் கறுத்துப்போன ஒரு பாயைத் தண்ணீர் தெளித்து விரித்தார்கள் என்றும், அதன்மீது நபி (ஸல்) அவர்கள் தொழுகை நடத்தினார்கள் என்றும் புகாரீ கூறுகிறது. அந்தப் பாயை நெய்தவர் யார் என்ற குறிப்பு இல்லை.

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் வாழும் நமக்குத் தாமிரபரணிக் கரைப் பகுதியிலுள்ள பத்தமடை தொலைவூர்தான். ஆயினும் தமிழக முஸ்லிம்களின் கைத்தொழில் வரலாற்றில் அவ்வூரைத் தவிர்க்க இயலாது. அங்கு லெப்பைக் குடும்பங்கள் தலைமுறைகளாகக் கோரைப்பாய் நெய்து வருகின்றன. மிக நுண்ணிய பாயை முதலில் நெய்தவர் ஹசன் பாவா லெப்பை என்பது ஊர் வழக்கு. 1953-ல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் அன்பளிப்பாகச் சென்றது. 2012-2013 நிதியாண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இப்புகழுக்குப் பின்னால் இருப்பது எளிய தறி. பண்டைய கிரேக்கர் பாவு நூல்களை மேலிருந்து தொங்கவிட்டு, அடியில் கனமான குண்டுகளைக் கட்டி இழுவிசை தந்தனர். பத்தமடையிலோ பருத்திப் பாவு தரையோடு தரையாக நீட்டப்பட்டு, முளைகளில் இழுத்துக் கட்டப்படுகிறது. கோரையை ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, காயவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறுகின்றனர். ஒவ்வோர் இழையும் நீண்ட குச்சியின் துணையால் பாவினூடே செலுத்தப்பட்டு, அச்சால் நெருக்கப்படுகிறது. இழை தடித்தால் பரப்பு கரடாகும். பாவின் இழுவை பிசகினால் பாய் கோணும். நேர்த்தியான ஒரு பாய் முடியப் பல வாரங்கள் ஆகும். இதைக் கற்க ஏடு இல்லை. தாயருகே அமர்ந்து, கையைப் பார்த்துக் கை பழகுவதே வழி. நெய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். மணமக்களின் பெயர்களைப் பாயில் நெய்து தரும் அவர்களின் பெயர்கள் எங்கும் நெய்யப்படுவதில்லை.

ஸஹ்ல் (ரலி) அறிவிக்கும் செய்தி ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. ஒரு பெண்மணி தம் கையால் நெய்த ஆடையை நபியவர்களிடம் கொணர்ந்தார். தேவையுடையவர்களாக இருந்த நபியவர்கள் அதை ஏற்று அணிந்தார்கள். பின்னர் தோழர் ஒருவர் கேட்டதும் அதைக் கொடுத்துவிட்டார்கள். அதுவே அத்தோழரின் கஃபனாயிற்று. அப்பெண்ணின் பெயரும் அச்செய்தியில் இல்லை. ஆனால் அவர் கையால் நெய்தார் என்பது காக்கப்பட்டுள்ளது. கைத்தொழிலின் உணவே சிறந்தது என்றும், தாவூத் (அலை) அவ்வாறே உண்டார்கள் என்றும் நபியவர்கள் கற்பித்ததை நாம் அறிவோம்.

இன்று மலிவான நெகிழிப் பாய்கள் சந்தையை நிறைத்துள்ளன. பல வார உழைப்புக்கு உரிய விலை கிடைக்காதபோது, தாயருகே அமர மகள் முன்வரமாட்டாள். ஒரு தலைமுறை கற்காமல் விட்டால், ஏட்டில் இல்லாத கலையை மீட்பது கடினம். ஆகவே, வசதியுள்ள நாம் ஒரு கோரைப்பாயையேனும் பேரம் பேசாமல் வாங்குவோம். நெய்தவரின் பெயரையும் கேட்டறிவோம். அவர்களின் கைத்தொழிலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!