கொங்கு நாடு: அடையாளமும் ஊர்ப்பெருமையும்

கொங்கு நாடு என்பது தமிழகத்தின் மேற்கில் நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, சேர்வராயன் மலை, கொல்லிமலை ஆகியவற்றால் ஏறக்குறைய நாற்புறமும் வளைக்கப்பட்டுக் கிடக்கும் மேட்டுநிலத்தின் பழம்பெயர். இன்றைய கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களும், கரூர், சேலம், தருமபுரி, திண்டுக்கல் மாவட்டங்களின் பல பகுதிகளும் இதனுள் அடங்குவதாகப் பொதுவாகக் கொள்வர். சோழ நாட்டுக்குத் தஞ்சையும் பாண்டிய நாட்டுக்கு மதுரையும் போல இந்நாட்டுக்கு நெடுங்காலம் நிலைத்த தலைநகர் ஒன்று அமையவில்லை. ஆண்டவர்களில் பெரும்பாலோர் மலைக்கு அப்பாலிருந்து கணவாய் வழியாக வந்தவர்கள். ஆகவே இங்குள்ள அடையாளம் அரசர்களின் கொடை என்பதைவிட, மழை குறைந்த நிலத்தில் கிணறு வெட்டிப் பிழைத்தவர்களும் மலைவழியில் பண்டம் மாற்றியவர்களும் தங்கள் பேச்சிலும் வழிபாட்டிலும் சேர்த்துவைத்தது என்பதே பொருந்தும். அது உருவான விதத்தை நாட்டின் நடுவிலிருந்து பார்ப்பதைக் காட்டிலும், பவானி ஆறு சமவெளியைத் தொடும் மேட்டுப்பாளையம் போன்ற விளிம்பிலிருந்து பார்க்கும்போது தெளிவாகக் காணலாம்.

பெயரும் எல்லையும்

‘கொங்கு’ என்ற சொல்லுக்குத் தேன், பூந்தாது என்ற பொருள்களை நிகண்டுகள் தருகின்றன. மலைத்தேன் மிகுந்த நாடு என்று பெயர்க்காரணம் கூறுவோர் இதையே சான்றாகக் காட்டுவர். சங்க நூல்கள் ‘கொங்கர்’ என்ற மக்களை ஆநிரை மிகுந்தவர்களாகவும் போர்க்குணம் உடையவர்களாகவும் குறிப்பிடுகின்றன. நொய்யலாற்றின் கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் மணிக்கல் வேலை, இரும்புத் தொழில், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஆகியவற்றை வெளிப்படுத்தின. கோவையை அடுத்த வெள்ளலூரில் உரோமக் காசுப் புதையல்கள் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையையும் காவிரிச் சமவெளியையும் இணைத்த வணிகப் பெருவழி இந்நாட்டை ஊடறுத்துச் சென்றதையே இவை காட்டுகின்றன. மலைகள் சுற்றிலும் அரணாக நின்றாலும், இந்நாடு ஒருபோதும் அடைபட்டுக் கிடக்கவில்லை.

அரசுகள் வந்துபோன நிலம்

சேரர், கங்கர், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சோழர், அவர்களின் வழியில் தனித்து ஆண்ட கொங்குச் சோழர், பாண்டியர், போசளர், விசயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூர் உடையார் என்று ஆட்சிகள் மாறிக்கொண்டே இருந்தன. மாறாமல் நின்றது ‘நாடு’ என்ற சிறு பிரிவு. கொங்கு 24 நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்ததாக மரபு கூறுகிறது; பூந்துறை நாடு, காங்கேய நாடு, ஆனைமலை நாடு போன்றவை அவற்றுள் சில. ஊர்ப் பஞ்சாயத்து, கோயில் முறைமை, கொள்வினை கொடுப்பினை எல்லாம் இந்த எல்லைகளை ஒட்டியே நடந்தன. கார்மேகக் கவிஞர் இயற்றிய கொங்கு மண்டல சதகம் என்ற நூறு பாட்டுத் தொகை இந்நாட்டின் மலை, ஆறு, கோயில், வள்ளல் எனப் பலவற்றின் பெருமையை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது; ஊர்ப்பெருமையை இலக்கிய வடிவில் பதிந்துவைக்கும் வழக்கம் அச்சு இயந்திரம் வருவதற்கு முன்பே இங்கு வேரூன்றியிருந்தது என்பதற்கு அந்நூலே சான்று.

இந்நிலத்தில் ‘பாளையம்’ என்று முடியும் ஊர்கள் மிகுதி. பாளையம் என்பது படை தங்கும் இடத்தையும், நாயக்கர் காலத்தில் பாளையக்காரர் ஆளுகைக்கு உட்பட்ட பகுதியையும் குறித்தது. படைப்பெயர் தாங்கிய இன்னோர் இடமும் உண்டு: போசளரின் தண்டநாயகர்கள், அதாவது படைத்தலைவர்கள், பெயரால் வழங்கிய டணாயக்கன்கோட்டை, பவானியின் குறுக்கே 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையின் நீருக்குள் மூழ்கிவிட்டது. கோடையில் நீர்மட்டம் மிகவும் இறங்கும் ஆண்டுகளில் அதன் கோயில் பகுதி வெளியே தெரியும்போது, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பரிசலேறிப் பார்த்துவருவது வழக்கம்.

1799-இல் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோவைப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. அதை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முன், மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தை மறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே உள்ள சின்னமலை பறித்துக்கொண்டதாகப் போய்ச் சொல் என்று அவர் கூறியனுப்பிய கதை இங்கு எல்லோரும் அறிந்தது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே தன்னையே மூன்றாவது குன்றாக நிறுத்திக்கொள்ளும் இந்தக் கதை, வரலாற்று நிகழ்ச்சி என்பதைக் காட்டிலும், ஓர் ஊர் தன்னை எவ்வாறு நினைத்துக்கொள்ள விரும்புகிறது என்பதற்கான சான்றாகவே மதிப்புடையது.

மலையடிவாரம்: மேட்டுப்பாளையம்

கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் ஏறியபோது, வழி சிறுமுகையிலிருந்து சென்றது; அவ்வழியே போடப்பட்ட முதல் பாதைக்குப் பிறகு, 1830-களின் தொடக்கத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைப்பாதை அமைந்ததும், ஆற்றங்கரைச் சிற்றூராக இருந்த மேட்டுப்பாளையம் மலைக்கு வாசலாயிற்று. போத்தனூரிலிருந்து இவ்வூர் வரை 1873-இல் அகலப்பாதை ரயில் வந்தது. பல்சக்கரத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு செங்குத்தில் ஏறும் மலைரயில் 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகமண்டலம் வரையும் சென்றது. கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் கிளம்பும் அந்த வண்டி, 46 கிலோமீட்டர் தொலைவில் 2,203 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. 2005-இல் இப்பாதை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

1868-இல் நீலகிரி, கோவையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி ஆளுகைக்கு உட்பட்டது. எல்லைக் கோட்டைக் காகிதத்தில் கிழித்தார்களே ஒழிய, சந்தையில் கிழிக்க முடியவில்லை. மலைக் காய்கறிகளும் உருளைக்கிழங்கும் இன்றும் மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கே இறங்குகின்றன. மலையில் விளைந்த கிழங்கு மண் ஒட்டிய மூட்டைகளாக லாரியிலிருந்து இறக்கப்பட்டு, பருமன் வாரியாகத் தரம் பிரிக்கப்பட்டு, ஏலம் கூறப்பட்டு, பொழுது ஏறுவதற்குள் கேரளத்துக்கும் சென்னைக்கும் வண்டி ஏறிவிடும். மண்டியில் படகு மொழி பேசும் மலையூர்ப் படகர், கன்னடம் பேசும் காரமடைப் பக்கத்துக் குடியானவர், தெலுங்கு பேசும் வணிகர், மலையாளம் பேசும் லாரி ஓட்டுநர் எல்லோரும் பேரம் பேசுவது கொங்குத் தமிழில்தான். படகர் என்ற பெயரே ‘வடக்கிலிருந்து வந்தவர்’ என்ற பொருளுடையது என்பர். அவர்கள் தங்களைக் கொங்கர் என்று சொல்லிக்கொள்வதில்லை; ஹெத்தையம்மன் விழாவும் தனி மொழியும் தனி உடையும் கொண்ட அவர்களின் பெருமை வேறு. தோடரும் கோத்தரும் இருளரும் குறும்பரும் அவ்வாறே தத்தம் வழியில் நிற்பவர்கள். கொங்கு அடையாளம் தன் எல்லையை உணர்வது இங்கேதான்: இந்த மலை இல்லாமல் அது இல்லை, ஆனால் மலையில் வாழ்பவர்கள் அதனுள் அடங்குபவர்கள் அல்லர்.

கிணறும் இட்டேரியும்

மேற்கு மலைகள் பருவமழையைத் தடுத்து நிறுத்துவதால் கொங்கின் பெரும்பகுதி மழைமறைவு நிலம். நெல்லைவிடக் கம்பும் சோளமும் கொள்ளும், பின்னர்ப் பருத்தியும் விளைந்தன. உழவர் கிணற்றை நம்பினர். கவலை என்று இங்கு வழங்கும் நீரிறைப்பில் இரண்டு காளைகள் கிணற்றை ஒட்டிய சரிவில் கீழ்நோக்கி நடக்கும். வடம் இழுபட்டுச் சால் மேலே வரும். சாலின் அடியில் பொருத்திய தும்பி என்ற தோல்குழாயை வால்கயிறு தளர்த்தியதும் நீர் தொட்டியில் கொட்டும். பிறகு காளைகள் பின்னாலேயே நடந்து மேடேறும். சரிவில் இறங்கும்போது ஓட்டுபவர் வடத்தின்மீது உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். விடிவதற்கு முன் தொடங்கும் இந்த வேலைதான் ‘கொங்கு மக்கள் உழைப்பாளிகள்’ என்று இன்றும் சொல்லப்படும் பெருமைக்கு மூலம். அந்தக் கிணற்றடியில் கூலிக்கு நின்றவர்களின் உழைப்பும் அதே பெருமைக் கணக்கில் சேர வேண்டியது என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

மேய்ச்சலுக்கென்று கிளுவை முள்வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்த நிலம் ‘கொறங்காடு’ எனப்பட்டது. காங்கேயம் காளைகள் அங்கு வளர்ந்தவை. இருபுறமும் கள்ளியும் கிளுவையும் வேலியாக நிற்க, காடுகளுக்கு நடுவே சென்ற வண்டித்தடம் ‘இட்டேரி’. கவுதாரியும் உடும்பும் பிரண்டையும் கோவைப்பழமும் இருந்த அந்த வேலிகள் கம்பிவேலியாகவும் சுற்றுச்சுவராகவும் மாறியபின், சொல் மட்டும் வயதானவர்களின் வாயில் எஞ்சியுள்ளது.

மலை இந்த வறண்ட நிலத்துக்குச் செய்த பெரும் உதவி மின்சாரம். நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம் 1930-களின் தொடக்கத்தில் மின்சாரம் தரத் தொடங்கியதும், 1888-இலேயே முதல் ஆலை கண்டிருந்த கோவையில் பஞ்சாலைகள் பெருகின, 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்தனர். கிணற்றில் மோட்டார் இறங்கியது. கவலைக் காளைகள் விற்கப்பட்டன. உழவரின் தேவை பட்டறையைத் தூண்டியதும் பட்டறையின் இலாபம் உழவர் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரே தலைமுறைக்குள் நடந்தவை.

பேச்சு

கொங்கு அடையாளத்தின் மிகத் தெளிவான குறி அதன் வட்டார வழக்கு. ‘சரீங்’, ‘இல்லீங்’, ‘ஏனுங்’ என்று சொல்லின் இறுதியில் மரியாதை ஒட்டிக்கொள்ளும். ‘என்னுடைய’ என்பது ‘என்ற’ ஆகும், ‘உன்னுடைய’ என்பது ‘உன்ற’ ஆகும். தந்தையின் தந்தை ‘அப்பாரு’, தாயின் தாய் ‘அம்மிச்சி’, திருவிழா ‘நோம்பி’, ஒன்றாகச் சேர்ந்து என்பது ‘ஒட்டுக்கா’. சிறு குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்று அழைக்கும் இந்த வழக்கத்தைத் திரைப்படங்கள் பரப்பின. சத்யராஜ், மணிவண்ணன், கோவை சரளா, வெள்ளாங்கோயிலில் பிறந்த கே. பாக்யராஜ் ஆகியோர் வழியாகக் கொங்குத் தமிழ் சென்னைக்காரர் காதிலும் இனித்தது. எனினும் இந்த ‘ங்க’ எல்லோர்க்கும் ஒரே அளவில் வழங்கப்பட்டதல்ல. நிலம் உடையவரைப் ‘பண்ணாடி’ என்று அழைத்த பண்ணையாளுக்கு, அவர் எவ்வளவு முதியவராயினும், பதிலாகக் கிடைத்தது ‘வாடா, போடா’ என்பதுதான். கொங்குத் தமிழின் மரியாதையைப் புகழ்ந்து எழுதப்படும் கட்டுரைகளில் இந்தப் பக்கம் அரிதாகவே இடம்பெறுகிறது.

கதை, தேர், கும்மி

பொன்னர், சங்கர் என்னும் சகோதரர்களின் வீரத்தையும் அவர்கள் தங்கை அருக்காணியின் துயரத்தையும் கூறும் அண்ணன்மார் கதை, உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடப்படுவது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களில் காங்கேயம் அருகே தங்கி இதை ஒலிப்பதிவு செய்தார். மு. கருணாநிதி இதையே ‘பொன்னர் சங்கர்’ என்ற நாவலாக்கினார். மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயிலின் ஆடிக் குண்டமும், காரமடை அரங்கநாதர் கோயிலின் மாசித் தேரும் பெரிய நோம்பிகள். காரமடையில் தேர் முடிந்தபின் தீப்பந்தம் ஏந்தி ஆடும் பந்த சேவையும், தோல்பையில் நீர் சுமந்து வரும் தண்ணீர் சேவையும் நடைபெறும்.

வள்ளிக் கும்மி என்பது முருகன் மலைவேடர் மகளான வள்ளியை மணந்த கதையைப் பாடிக்கொண்டே வட்டமாக ஆடும் ஆட்டம். ஆண்கள் மட்டும் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த, மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த மூத்த கலைஞர் எம். பத்ரப்பனுக்கு 2024-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இன்று ஒரே நிறப் புடவையில் பெண்கள் நூற்றுக்கணக்கில் மைதானத்தில் நின்று ஆடுவது கொங்கு ஊர்களில் வழக்கமான காட்சி.

எழுத்தில் கொங்கு

கோவைகிழார் சி. எம். இராமச்சந்திரன் செட்டியார் இந்நாட்டின் வரலாற்றைத் தொகுத்து நூலாக்கினார். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’, 1942-இல் வெளிவந்து, ஒரு வட்டாரத்தின் மண்ணையும் பேச்சையும் நாவலுக்குள் கொண்டுவந்த முன்னோடி முயற்சியாயிற்று. பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார். ‘கூளமாதாரி’ நாவலில் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவர்களின் உலகை எழுதினார். அவருடைய ‘மாதொருபாகன்’, 2010-இல் வெளிவந்தபோது எழாத எதிர்ப்பு, 2014-இன் இறுதியில், கதை நிகழும் திருச்செங்கோட்டில் எழுந்தது. ஊரையும் கோயிலையும் இழிவுபடுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, எழுத்தையே நிறுத்துவதாக அவர் அறிவிக்க நேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இந்த மண்ணின் சொற்களை அழியாமல் சேர்த்துவைத்தவரையே மண்ணின் பெயரால் துரத்தியது, ஊர்ப்பெருமையின் வரலாற்றில் கசப்பான ஓர் இடம்.

யாருடைய பெருமை

1975-இல் உழவுச் சமூகமான கொங்கு வெள்ளாளக் கவுண்டர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். பின்னர் ‘கொங்கு’ என்ற பெயரைத் தாங்கிய கட்சிகள் தோன்றின. 2021 ஜூலையில், புதிதாகப் பொறுப்பேற்ற மத்திய இணையமைச்சர் எல். முருகனைப் பற்றிய அரசுக் குறிப்பில் அவருடைய ஊர் ‘கொங்கு நாடு’ என்று குறிக்கப்பட்டதும், தமிழகத்தைப் பிரிக்கும் திட்டமோ என்ற விவாதம் சில வாரங்கள் சூடாக நடந்து அடங்கியது. பெயரின்மீது உள்ள பற்று பரவலானது. தனி மாநிலத்துக்கான ஆதரவு அவ்வாறு வெளிப்படவில்லை.

அந்தப் பெயருக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசும் கைத்தொழிலாளர், நெசவாளர், உழவர், அருந்ததியர் எல்லோரும் வாழ்கின்றனர்; ஆனால் பெயரை உச்சரிக்கும்போது பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு சமூகம் மட்டுமே. 2019 டிசம்பர் 2-ஆம் நாள் விடியற்காலையில், பெருமழைக்கு நடுவே மேட்டுப்பாளையம் நடூரில் உயரமான சுற்றுச்சுவர் இடிந்து அடுத்திருந்த வீடுகளின்மேல் விழுந்ததில், பட்டியல் சாதியைச் சேர்ந்த 17 பேர் உயிரிழந்தனர். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அப்பகுதி மக்களும் பல இயக்கங்களும் குறிப்பிட்டனர். அண்மை ஆண்டுகளில் வள்ளிக் கும்மி மேடைகள் சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்ற பரப்புரைக்குப் பயன்படுவதாகவும் விவாதம் எழுந்துள்ளது. அந்த மேடையில் பாடப்படுவதோ, மலைவேடர் வளர்த்த பெண்ணை, உற்றார் தடுத்தும் கேளாமல் ஒருவர் தேடி வந்து மணந்த கதை.