மலைத்தோட்ட ஆட்சேர்ப்பு (தேனி, கம்பம் பள்ளத்தாக்கு)

மலைத்தோட்ட ஆட்சேர்ப்பு என்பது, கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலுள்ள தேயிலை, ஏலத் தோட்டங்களில் புதிதாக வேலைக்கு வருபவரை அழைத்து வந்து, குடியமர்த்தி, வேலை பழக்கும் ஏற்பாடுகளின் தொகுதியாகும்.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சார் அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றதன் பின்னர் அங்கே தோட்டங்கள் பெருகவே, போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் மலைப்பாதை, சமவெளித் தொழிலாளர் பிரயாணம் செய்த பிரதான வழிகளுள் ஒன்றாயிற்று. அவர்களை அழைத்துச் சென்றவர் கங்காணி. அவர் தம் சொந்த ஊருக்கும் உறவினரிடமும் சென்று, முன்பணம் கொடுத்து, வீட்டுச் சில்லறைக் கடன்களைத் தீர்த்துவைத்து, குடும்பம் குடும்பமாக ஆட்களைத் திரட்டுவார். தோட்டத்தை அடைந்தவர்களுக்கு லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் ஓர் அறையும், மலைக்குளிருக்குக் கம்பளியும், அரிசியும் கிடைக்கும். மறுநாள் விடியலில் பெரட்டில் (காலை அணிவகுப்பில்) நிறுத்திச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பேர் பதிவார்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்து நிரையில் இருந்து கொழுந்தெடுக்கக் கற்றுக்கொடுக்கும். இந்த உபசாரத்தின் செலவு பெரும்பாலும் அவர்கள் கணக்கிலேயே பற்றாக ஏறியதென்பதையும், அவர்கள் ஈட்டும் கூலியை ஒட்டியே கங்காணிக்குத் தரகு கிடைத்ததென்பதையும் நோக்குமிடத்து, அவரிடத்தே உறவின் பரிவையும் ஆதாயத்தையும் பிரித்துக் காண்பது எளிதன்று.

முன்பணம் பெற்றவர் வேலையை விட்டு நீங்குவதைத் தண்டனைக்குரியதாக்கிய 1859-ஆம் ஆண்டுச் சட்டம் 1925-இல்தான் நீக்கப்பட்டது. 1951-இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, குடிநீர், வைத்தியம் ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கியது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலைசெய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டுமென்றது. கம்பளி, குடை போன்றவற்றை வழங்கச் செய்யும் விதிகளை வகுக்க மாநில அரசுகளுக்கு அதிகாரமும் அளித்தது. அதுகாறும் கங்காணியின் தயவாக இருந்தவற்றுட் பல இவ்வாறு சட்டத்தின் ஏட்டில் ஏறின என்பதே இச்சட்டத்தின் சிறப்பென்று கூறலாம்.

ஏலத்தோட்ட வேலையோ பழக்கமின்றிச் செய்யத்தக்கதன்று. ஒரே செடியில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் ஒரே சமயத்தில் இருப்பதால், தோல் பசுமை மாறாமல் உள்ளே விதை மட்டும் கறுத்திருக்கும் கருங்காயை விரலாலும் கண்ணாலும் அறிந்து, செடியின் அடியில் தரையோடு படரும் சரத்திலிருந்து, பிஞ்சு சிதையாமல் எடுக்க வேண்டும். முந்தி எடுத்த காய் உலர்கையில் சுருங்கி எடை குறையும். பிந்தி விட்டதோ உலர்த்தும்போது வெடிக்கும். ஆதலால் புதியவரை அனுபவமுள்ள பெண்ணொருத்தியின் அருகே அமர்த்துவதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை.

இக்காலத்தில் கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக அதிகாலையில் ஜீப்பில் ஏறி மாலையில் வீடு திரும்பும் தொழிலாளருக்கு லயம் வேண்டுவதில்லை. ஜீப்பில் ஓர் இடமும், ஏற்கெனவே அக்குழுவில் இருப்பவர் ஒருவரின் சொல்லும் போதும். ஜார்க்கண்ட், அசாம் முதலிய தூர மாநிலங்களிலிருந்து கேரளத்தின் இடுக்கி மலைத் தோட்டங்களுக்கு வருபவர்களின் நிலை வேறு: அவர்களுக்கு மறுபடியும் தங்குமிடத்திலிருந்தே எல்லாம் தொடங்கவேண்டியிருப்பதோடு, காயின் பருவத்தைத் தமிழும் மலையாளமும் அறியாதவருக்குக் கையால் காட்டியே விளக்கவேண்டியுமிருக்கிறது.