ஆரணி நெசவாளரும் நாள்பட்ட நோய்க்கான மருத்துவக் காப்பீடும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள நகராட்சி ஆரணி. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு இங்கும் சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும் நெய்யப்படுகிறது. கூட்டுறவுச் சங்கத்திடமோ முதலாளியிடமோ பாவும் ஊடையும் வாங்கி வீட்டில் நெய்பவர்களுக்குச் சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எந்த நிறுவனத்தின் ஊழியராகவும் இல்லாததால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) போன்ற பாதுகாப்பு இவர்களை எட்டுவதில்லை. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்குக் குழித்தறியின் மிதியே ஆபத்து. விரலில் பட்ட காயம் தெரியாமலே புண்ணாகிவிடும். தறியில் உட்காராத நாளுக்குக் கூலி இல்லை, மாத்திரைக்கோ விடுமுறை இல்லை.

கைத்தறி நெசவாளருக்கென்றே 2005-06இல் மத்திய அரசு ஒரு காப்பீட்டைத் தொடங்கியது. ஐசிஐசிஐ லொம்பார்டு நடத்திய அத்திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரம்பு. அதில் 7,500 ரூபாய் வரை வெளிநோயாளி சிகிச்சைக்குச் செலவிடலாம். முன்பே இருந்த நோய்க்கும் அது பொருந்தியது. தொகை சிறிதுதான். ஆனால் நாள்பட்ட நோயாளியின் அன்றாடத் தேவையைப் பின்வந்த பெரிய திட்டங்களைவிட அது நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. இன்று அத்திட்டம் நடைமுறையில் இல்லை.

தமிழக அரசு 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தையும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் கொண்டுவந்தது. பின்னது 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைக்கப்பட்டது. 2022 ஜனவரி முதல் ஆண்டு வருமான உச்சவரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆகவும், குடும்பத்துக்கான காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாயாகவும் உயர்ந்தன. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. பழைய நோய் என்று சொல்லித் தள்ளுவதோ காத்திருப்புக் காலமோ இல்லை. டயாலிசிஸும் இதில் அடங்கும்.

ஆகவே இங்கே காப்பீடு நிலைப்பது பணத்தால் அல்ல, காகிதத்தால். கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றும் வேண்டும். ரேஷன் கார்டில் உள்ள பெயர்களே குடும்பம் என்பதற்குச் சான்று. மகன் மணமாகித் தனி கார்டு வாங்கும்போது பெற்றோர் பெயர் எதில் நிற்கிறது என்பதைப் பார்க்காமல் விட்டால், மருத்துவமனை வாசலில்தான் சிக்கல் தெரியவரும்.

இத்திட்டம் பெரும்பாலும் உள்நோயாளி சிகிச்சைக்கானது. மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளுக்கு இதில் பணம் கிடைக்காது. அந்தக் குறையை அரசு மருத்துவமனையும், 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கி மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவ’மும் ஓரளவு தீர்க்கின்றன.

வருமான வரம்பைத் தாண்டிய சிறு முதலாளிகளுக்குப் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் வாங்கும் பாலிசிதான் வழி. 2024 ஏப்ரல் முதல், முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். 60 மாதம் தொடர்ந்து கட்டியபின், மோசடி நிரூபணமானால் தவிர, நோயை மறைத்ததாகக் கூறிக் கோரிக்கையை மறுக்க முடியாது. முன்பு கோரிக்கை வைத்தார் என்பதற்காகப் புதுப்பிக்கவும் மறுக்கக் கூடாது. ஆனால் ஆண்டுப் பிரீமியத்துக்கான 30 நாள் சலுகைக் காலமும் கடந்தால் சேர்த்த மாதங்கள் வீண். புதிய பாலிசியில் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். பட்டு விற்பனை மந்தமான மாதத்தில் தவணை வரும் வீடுகள் இதை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும்.

அரசுத் திட்ட அட்டை குறித்த ஐயங்களுக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993.